மூன்று முறை தட்டப்பட்ட கதவு



காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நமது பங்கின் மறைக்கல்வி மாணவர்களை ஒரு நாள் சுற்றுலாவாக அமிர்திக்கு அழைத்துச் சென்றோம். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர்தான் என்றாலும், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை நெருங்க நெருங்கக் காற்றே மாறிவிடுகிறது. முந்தைய வாரம் பெய்த மழையில் அருவியிலும் ஓரளவு தண்ணீர் இருந்தது. பிள்ளைகள் குளித்து முடித்து, சிறிய மிருகக்காட்சி சாலையில் மான்களையும் முதலைகளையும் பார்த்து, புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்து உண்ட பின்பு, மரநிழலில் அமர்த்திப் பொது அறிவு வினாடி வினா ஒன்றை நடத்தினோம். உலக வரலாறும் புகழ்பெற்ற மனிதர்களும் என்பது தலைப்பு.

அமெரிக்காவுக்குக் கடல் வழியாக முதலில் சென்ற ஐரோப்பியர் யார், நெப்போலியன் எந்தத் தீவில் இறந்தான், முதல் உலகப் போர் எந்த ஆண்டு முடிந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். இடையில், எழுதி வைத்த தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டோம். நம்மில் பலர் பிறந்த வேலூர் பெரிய ஆஸ்பத்திரியை, அதாவது சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கியவர் யார்? ஒருவன் விக்டோரியா மகாராணி என்றான். ஒருத்தி அன்னை தெரசா என்றாள். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஐடா ஸ்கடர் சாலையில் வாரத்துக்கு இரண்டு முறை பேருந்தில் போகிற பையன்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. உடன் வந்திருந்த பெற்றோர்களிலும் சிலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நம்மிடமே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அந்த அம்மையார் கன்னியாஸ்திரியா, நமது திருச்சபையைச் சேர்ந்தவரா, இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் அவர்தானா? அன்று மரநிழலில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

ஐடா ஸ்கடர் பிறந்த ஊர் நமது இராணிப்பேட்டைதான். 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். தந்தை ஜான் ஸ்கடர் மருத்துவர், தாய் சோபியா. ஐந்து அண்ணன்மார்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண்பிள்ளை. இவருடைய பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடர்தான். நியூயார்க் நகரில் நல்ல வருமானத்தோடு இருந்த அந்த மருத்துவர், நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்த நேரத்தில் கையில் கிடைத்த ஒரு சிறு பிரசுரத்தைப் படித்து மனம் மாறி, 1819-ல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் 1836-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர்கள் ஏழு பேர் இந்தியாவிலேயே மறைப்பணியாற்றினார்கள். ஆற்காடு மிஷன் என்று அழைக்கப்பட்ட பணித்தளம் 1853-ல் இந்தக் குடும்பத்தாரால் தொடங்கப்பட்டது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். ஆகவே ஐடா அம்மையார் நமது கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், கன்னியாஸ்திரியும் அல்லர். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர் என்பதால் சிலர் அப்படி எண்ணுகிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் விரும்பித்தான் இந்தப் பணிக்கு வந்திருப்பாள் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. 1876 முதல் 1878 வரை நமது மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது ஐடா ஆறேழு வயதுக் குழந்தை. எலும்பும் தோலுமாய் வந்து நின்ற பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை வைக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. சாலையோரத்தில் கிடந்த பிணங்களையும் அந்த வயதிலேயே பார்த்தார். அதன்பின் குடும்பம் அமெரிக்கா சென்றது. தந்தை முதலில் திரும்பி வர, சில ஆண்டுகளில் தாயும் அவரைத் தொடர, வளரும் வயதில் ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாயைப் பிரிந்த அந்த இரவில் சிறுமி அழுத அழுகையை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். இந்தியா என்பது தம் பெற்றோரைத் தம்மிடமிருந்து பறித்துக்கொண்ட நாடு என்றுதான் அந்தப் பெண்ணின் மனத்தில் பதிந்தது. ஸ்கடர்கள் எல்லாரும் மிஷனரிகள், நான் மட்டும் ஆகமாட்டேன் என்பது இளவயதில் அவர் எடுத்திருந்த முடிவு.

மறைப்பணியாளர்களின் பிள்ளைகள் செலுத்துகிற விலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இது போகிற போக்கில் சொல்ல வேண்டிய செய்தி அல்ல என்றாலும், இப்போதைக்கு இத்துடன் விடுகிறோம்.

மாசச்சூசெட்சு மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் படிப்பை முடித்த ஐடாவுக்கு, 1890-ல் தாய் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். சிறிது காலம் தாயைப் பார்த்துக்கொண்டு, பின்பு அமெரிக்கா திரும்பி மணம் முடித்து வசதியாக வாழ்வது என்ற எண்ணத்தோடுதான் அவர் வந்தார்.

அந்தத் திண்டிவனம் பங்களாவில் ஓர் இரவு நடந்ததை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஐடா தம் அறையில் எழுதிக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. வெளியே ஓர் இளம் பிராமணர். தம் மனைவி பிரசவ வேதனையில் இருப்பதாகவும், மருத்துவச்சி கைவிட்டுவிட்டதாகவும், ஐடா உடனே வந்து உதவ வேண்டும் என்றும் கேட்டார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தைதான் மருத்துவர், அவரோடு சேர்ந்து தாமும் வருவதாக ஐடா சொன்னார். வந்தவர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் ஒருவர் தம் மனைவியைத் தொடுவது தங்கள் வழக்கத்தில் இல்லை, அதைவிட அவள் இறப்பதே மேல் என்று சொல்லிவிட்டு இருளில் நடந்து போனார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் தட்டும் ஓசை. அவர்தான் மனம் மாறி வந்திருப்பார் என்று எண்ணிக் கதவைத் திறந்தால், நின்றவர் ஓர் இசுலாமியர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. இந்த முறை தந்தையே நேரில் வந்து எடுத்துச் சொல்லியும் பயனில்லை. மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் உயர் குலத்தைச் சேர்ந்த வேறோர் இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

ஐடா அன்றிரவு உறங்கவில்லை. விடியற்காலையில் ஊருக்குள்ளிருந்து சாவு மேளத்தின் ஓசை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் மன்றாடிய ஐடா, வெளியே வந்தபோது பெற்றோரிடம் தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து இந்தியப் பெண்களிடம் திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்கும்போது, அந்த மூன்று கணவர்கள்மேல் நமக்குக் கோபம் வருவது இயல்பு. மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் அவர்களைக் கொலைகாரர்கள் என்றே சொல்லிவிட்டான். ஆனால் அந்த இரவில் தம் மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்று வீட்டை விட்டு ஓடி வந்தவர்களும் அவர்களே. வேற்று மதத்தாரின் கதவை, அதுவும் வெள்ளைக்காரரின் கதவைத் தட்டுவது அந்தக் காலத்தில் எளிதன்று. அவர்கள் வந்த தொலைவு வரை வந்தார்கள். அதற்குமேல் ஓரடி எடுத்து வைக்க அவர்கள் வளர்ந்த முறை விடவில்லை.

நாமும் அவர்களைக் குறை சொல்வதற்கு முன் நமது வீட்டைச் சற்றுத் திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்காலத்தில் நமது திருச்சபையின் சட்டம் என்ன? துறவறச் சகோதரிகள் பிரசவம் பார்ப்பதற்கு அனுமதி இல்லை. கற்பு என்னும் வார்த்தைப்பாட்டுக்கு அது பொருந்தாது என்று கருதப்பட்டது. நோயாளிகளைக் கழுவித் துடைக்கலாம், புண்களுக்குக் கட்டுப் போடலாம், இறப்பவர்களின் அருகில் இருந்து செபிக்கலாம். ஆனால் குழந்தை பிறக்கும் அறைக்குள் போகக்கூடாது. அந்த மூவரும் அன்று ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடத்தின் கதவைத் தட்டியிருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள். இதைச் சொல்லும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் தடையை நீக்கப் போராடியவர்களும் பெண்களே. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், தமது அறுபதை ஒட்டிய வயதில் கத்தோலிக்கராக மாறியவர். இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றை உருவாக்கி, துறவறச் சகோதரிகள் மருத்துவம் பார்க்க அனுமதி வேண்டி உரோமையின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டினார். 1913-ல் அவர் இறக்கும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. அவரால் ஈர்க்கப்பட்ட ஆஸ்திரிய நாட்டு இளம்பெண் அன்னா டெங்கல் மருத்துவம் படித்து இராவல்பிண்டியில் பணியாற்றி, 1925-ல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920-ல் குண்டூருக்கு வந்து இயேசு மரியா சூசை சபையில் சேர்ந்தார். துறவியாக இருந்துகொண்டே மருத்துவம் பார்க்க அவருக்குத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் தனி அனுமதி அளிக்க வேண்டியிருந்தது. இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கம் 1943-ல் அவர் முயற்சியால் தோன்றியதே. 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள்தான் துறவறச் சகோதரிகள் மகப்பேறு மருத்துவத்தில் ஈடுபடலாம் என்ற ஆணை உரோமையிலிருந்து வந்தது. திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. இன்று நமது சகோதரிகள் நடத்தும் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளைப் பார்த்து மகிழும் நாம், இந்த வரலாற்றையும் அறிந்திருப்பது நல்லது.

ஐடாவிடம் திரும்புவோம். பிலடெல்பியாவில் பெண்களுக்கென இருந்த மருத்துவக் கல்லூரியில் 1895-ல் சேர்ந்தார். மராட்டிய நாட்டின் ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் பட்டம் பெற்ற கல்லூரி அதுவே. ஆகவே இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் ஐடா என்பது தவறு. அவருக்கு முன்பே சென்னை மருத்துவக் கல்லூரியில் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்மணி படித்துத் தேறி, 1885-ல் அந்த நகரிலேயே கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கியிருந்தார். லூதியானாவில் எடித் பிரவுன் 1894-லேயே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி கண்டிருந்தார். ஆனால் திண்டிவனத்தில் நள்ளிரவில் வலியில் துடிக்கும் பெண்ணுக்குச் சென்னை என்பது இன்னோர் உலகம்.

கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது ஐடா அங்கே மாறி 1899-ல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டி வரும்படி மிஷன் அலுவலகம் சொல்லியிருந்தது. புறப்படச் சில நாள்களே இருந்தன, பணம் சேரவில்லை. செல்வந்தப் பெண்மணி ஒருவரின் வீட்டுக்குச் சென்று தம் தேவையை எடுத்துரைத்தபோது, அடுத்த அறையில் இருந்த அவருடைய மைத்துனர் ஷெல் என்ற முதிய வங்கியாளர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஐடாவை அழைத்து, இறந்துபோன தம் மனைவியின் நினைவாகப் 10,000 டாலர் கொடுத்தார். ஆரணி சாலையில் கண் மருத்துவமனையாக நாம் அறிந்திருக்கும் ஷெல் ஆஸ்பத்திரியின் பெயர் அந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரே. கண் பரிசோதனைக்கு அங்கே போய் வரிசையில் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

1900-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அனுபவமுள்ள தந்தையிடம் சில காலம் வேலை பழகலாம் என்று நம்பி வந்தார். அந்த மே மாதத்திலேயே தந்தை இறந்துபோனார். ஊர் மக்களோ இளம் பெண் ஒருத்தியிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் தொடங்கிய மருந்தகத்துக்கு முதலில் எவரும் வரவில்லை. பின்பு ஒருவர், இருவர் என்று வந்து, இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் பேருக்கு அவர் மருத்துவம் பார்த்துவிட்டார். அவருக்கு உதவியாக நின்றவர் பயிற்சி பெற்ற செவிலி அல்லர், வீட்டுச் சமையற்காரரின் மனைவி சாலோமி. 1902-ல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அங்கேயே அவர் நின்றுவிட்டிருந்தால் ஒரு நல்ல மருத்துவர் என்று பெயர் பெற்றிருப்பார். ஆனால் மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று தோன்றியது. முதலில் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும், பின்பு பெஜோ என்ற பிரெஞ்சு மோட்டார் காரிலும் வாரம் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் பயணம். மோட்டாரைக் கண்டிராத கிராமத்தார் பேய் வருகிறது என்று ஓடினார்களாம். பிறகு குறித்த நாளில் புளிய மரத்தடியில் காத்திருக்கத் தொடங்கினார்கள். தொழுநோயாளிகளும் வந்தார்கள். அப்படிச் சாலையோரத்தில் நின்ற ஒவ்வொரு கூட்டமும் அவருக்கு ஒரே கணக்கைத்தான் காட்டியது. ஒரு பெண், இரண்டு கைகள், ஒரு நாளில் இத்தனை பேர்தான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கதவுகள். ஐடா அன்று மருத்துவராகவே இருந்திருந்தாலும் மூன்று வீட்டுக்கும் போயிருக்க முடியாது.

ஆகவே 1909-ல் செவிலியர் பள்ளியைத் தொடங்கியவர், பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் வேண்டும் என்று அரசிடம் கேட்டார். மருத்துவத் துறையின் தலைமையில் இருந்த ஆங்கில அதிகாரி சிரித்துவிட்டார். தென்னாட்டுப் பெண்கள் மருத்துவம் படிக்க வருவதாவது, விரல் விட்டு எண்ணும் அளவுக்கு விண்ணப்பம் வந்தாலே பெரிது என்பது அவர் எண்ணம். வந்த விண்ணப்பங்கள் 151. இடமின்மையால் 17 பேர் மட்டும் சேர்க்கப்பட்டார்கள். 1918 ஆகஸ்டு 12 அன்று சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். முதல் போர் இன்னும் முடியவில்லை, சொந்தக் கட்டடம் இல்லை, ஆசிரியர்களும் போதவில்லை. உடற்கூறு வகுப்பை ஐடாவே எடுத்தார். முதல் அரசுத் தேர்வுக்குச் சென்றபோது, ஆண்களிலேயே ஐவரில் ஒருவர்தான் தேறுவது வழக்கம், முதல் முறை தோற்றால் மனம் தளரக்கூடாது என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லி அனுப்பினார்களாம். தேர்வெழுதிய 14 பெண்களும் தேறிவிட்டார்கள். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு மகிழ்ச்சி. பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் நமது பங்குப் பிள்ளைகளின் வீடுகளில் எழும் ஆரவாரம் நினைவுக்கு வரும்.

தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனை 1920-களில் எழுந்தது. பாகாயத்தில் இருநூறு ஏக்கரில் கல்லூரி வளாகம் உருவானது. இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணுக்கு முன்னே நிற்கின்றன. அவருடைய வாழ்வின் கடினமான சோதனை இவற்றுக்குப் பிறகே வந்தது.

1930-களின் இறுதியில், எல்.எம்.பி. என்ற பழைய பட்டயப் படிப்பு இனி செல்லாது, மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகத்தோடு இணைந்து எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. படிப்பின் தரம் உயர வேண்டும் என்பது நியாயமே. ஆனால் வேலூருக்கு அது மூடுவிழா அறிவிப்புப் போல ஆகிவிட்டது. பட்டப் படிப்புக்கு வேண்டிய பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், படுக்கைகள் எல்லாவற்றுக்கும் பெரும் பணம் தேவை. 1941-ல், எழுபது வயது கடந்த ஐடா, போர் நடந்துகொண்டிருந்த கடலில் பயணம் செய்து அமெரிக்கா சென்று ஊர் ஊராக உதவி கேட்டார்.

அங்கேதான் அந்தச் சிக்கல் எழுந்தது. பணம் வர வேண்டுமானால் எல்லாச் சபைகளும் சேர்ந்து நடத்தும் கல்லூரியாக, ஆண்களும் பெண்களும் படிக்கும் கல்லூரியாக வேலூர் மாற வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். பெண்களுக்காகவே பெண்கள் கொடுத்த காசில் கட்டப்பட்ட நிறுவனம் அது. பல்லாண்டுகளாக ஐடாவின் வலது கையாக நின்று அமெரிக்கப் பெண்களிடம் நிதி திரட்டிக் கொடுத்த லூசி பீபாடி அம்மையார் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஆண்கள் உள்ளே வந்தால் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்படுவார்கள் என்பது அவர் அச்சம். அது வீண் அச்சம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஐடாவுக்கும் மனம் ஒப்பவில்லை. நெடுங்காலம் தயங்கினார், இரு தரப்பிலும் ஏச்சு வாங்கினார். இறுதியில், கல்லூரியை மூடுவதைவிடத் திறந்து விடுவதே மேல் என்று முடிவு செய்தார். பழைய தோழியின் நட்பு அதில் உடைந்தது. 1942-ல் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர் செய்தது சரியா என்று கேட்டால், சரிதான் என்று நாம் சொல்வோம். ஆனால் பீபாடி அம்மையாரையும் வில்லி ஆக்காமல் சொல்ல வேண்டும். அவர் காத்து நின்றது அந்த மூன்று பெண்களுக்கான இடத்தை.

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக ஹில்டா லாசரஸ் அம்மையார் பொறுப்பேற்றார். அந்த ஆண்டுகளிலேயே பால் பிராண்டு என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களை அறுவை மருத்துவத்தால் நீட்டி வேலை செய்ய வைக்க முடியும் என்று வேலூரிலிருந்து உலகுக்குக் காட்டினார். குடியாத்தம் சாலையின் புளிய மரத்தடியில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது பயன்பட்டிருக்கக்கூடும். வயதான பின்பும் டென்னிஸ் ஆடியவர் ஐடா. இந்தியா என்று மட்டும் முகவரி எழுதப்பட்ட கடிதம் அவர் கைக்குச் சரியாக வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். 1960 மே 24 அன்று கொடைக்கானலில் தமது 89-ஆம் வயதில் இறந்தார். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். வேலூரில் கதிரியக்கத் துறையை வளர்த்த ஐடா பி. ஸ்கடர் என்பவர் இவருடைய அண்ணன் மகள். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராக எண்ணுவோர் உண்டு.

இவ்வளவையும் அமிர்தியில் வைத்துச் சொல்லக் காரணம் உண்டு. நாம் அமர்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் எழும் மலைகளில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் வரகும் விளைவித்து, தேனும் கடுக்காயும் சேகரித்து வாழ்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, ஓர் இரவு பதினோரு மணிக்கு நமது கதவும் தட்டப்பட்டது. மலைக்கிராமத்திலிருந்து இரு சக்கர வண்டியில் வந்த முதியவர் ஒருவர், மருமகளுக்கு வலி கண்டு ஒரு பகல் ஆகிறது, சாமி ஜீப்பைக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார். போனோம். பாதை முடிந்த இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். மூங்கில் கழியில் புடவையைத் தூளி கட்டி நான்கு பேர் அந்தப் பெண்ணைச் சுமந்து இறங்கி வர இரண்டு மணி நேரமாயிற்று. முதலில் போய்ச் சேர்ந்த இடத்தில் கதவு பூட்டியிருந்தது. நகரத்துக்கு ஓட்டினோம். தாய் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. குருமடத்தில் படித்த இறையியல் அன்றிரவு நமக்கு ஒரு வார்த்தையும் தரவில்லை. அந்த முதியவர் நமது கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி தந்ததற்கு நன்றி சொன்னார்.

இது ஏதோ அந்தக் காலத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பகுதியில் உள்ள அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, வண்டி போகும் பாதை இல்லாததால் தாயே கையில் சுமந்து மலையேறி நடந்த செய்தியைப் பத்திரிகைகளில் நாம் எல்லாரும் படித்தோம். ஆசியாவின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று இருக்கும் மாவட்டம் நமது மாவட்டம்.

அன்று மாலை திரும்பும் வழியில் பேருந்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி நமது இருக்கைக்கு அருகில் வந்து நின்றாள். ஃபாதர், திண்டிவனத்தில் இறந்த அந்த மூன்று பேரின் பெயர் என்ன என்று கேட்டாள். ஐடாவின் பெயரில் சாலை இருக்கிறது, ஷெல் அம்மாவின் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று உண்மையைச் சொன்னோம். கணியம்பாடி தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தவள், பெயர் தெரியாவிட்டாலும் நவம்பர் மாத இறந்தோர் ஏட்டில் எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றோம்.

கல்லறைத் திருநாளுக்கான ஏடு இந்த ஞாயிறு முதல் பீடத்துக்கு அருகே வைக்கப்பட்டுள்ளது. முதல் பக்கத்தில், நமது பங்கின் பெரியவர்கள் தங்கள் தாய் தந்தையரின் பெயர்களை எழுதியுள்ள வரிசையில் ஐந்தாவதாக, திண்டிவனத்துத் தாய்மார்கள் மூவர் என்று பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. நவம்பர் 2 அன்று காலை ஆறு மணித் திருப்பலியில் அவர்களுக்காகவும் செபிப்போம்.